அன்டிஜன் நெகடிவ் வந்த தம்பியை ஏன் வார்டில் போட்டார்கள்?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை செய்கிறார். தீபாவளி லீவுக்கு வீட்டுக்கு வந்த அடுத்த நாளே காய்ச்சல். தனியார் லேப் ஒன்றில் டெங்கு அன்டிஜன் பார்த்ததில் நெகடிவ். சாதாரணக் காய்ச்சல்தான் என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். நாலாம் நாள் இரவு வாந்தியும் வயிற்றுவலியுமாக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனால், டொக்டர் அந்த ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாராம். புதிதாக இரத்தம் எடுத்து, டெங்கு என்று சொல்லி வார்டில் போட்டுவிட்டாராம். அதே வாரம் மேல் லயத்து அக்காவுக்கு அன்டிஜன் பொசிட்டிவ் வந்தும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "இல்லை என்று வந்தவனை வைத்துக்கொள்கிறார்கள், இருக்கிறது என்று வந்தவரை அனுப்புகிறார்கள். அப்படியென்றால் இந்த டெஸ்டை நம்பலாமா, கூடாதா?" என்பது கேள்வி. கடை முதலாளி விஷயமாக இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மலையகத்து ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு டொக்டர்களும் செய்தது சரி. லேப்காரரும் பிழை விட்டதாகத் தெரியவில்லை. அன்டிஜன் டெஸ்ட் செய்யும் ஒரு சிறு பட்டியால் எவ்வளவு சொல்ல முடியும் என்பதில்தான் வீட்டாருக்கும் எங்களுக்கும் கணக்கு வேறுபடுகிறது.

டெங்கு வைரஸ் உடம்பின் கலங்களுக்குள் பெருகும்போது என்.எஸ்.1 என்ற புரதத்தை இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். அந்தப் புரதம் இரத்தத்தில் இருக்கிறதா என்பதைத்தான் அன்டிஜன் டெஸ்ட் பார்க்கிறது. காய்ச்சல் வந்த முதல் நாளிலேயே பிடித்துவிடக்கூடியது என்பது இதன் பெரிய வசதி. முதல் மூன்று நாளில் அகப்படும் வாய்ப்பு அதிகம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு மளமளவென்று குறையும்.

உண்மையிலேயே டெங்கு உள்ள 100 பேரிடம் பட்டியை வைத்துப் பார்த்தால், சராசரியாக 70 பேரை ஒட்டித்தான் பிடிக்கிறது. பட்டி எந்தக் கம்பனியுடையது, எத்தனையாம் நாள், எந்த வகை வைரஸ் என்பதைப் பொறுத்து 50 வரை இறங்கும், 90 வரை ஏறும். டெங்கு இல்லாதவர்களிடம் பார்த்தால் நிலைமை நல்லது: 100 பேரில் 95 பேருக்கு மேல் சரியாக "இல்லை" என்று சொல்லிவிடும். பொசிட்டிவை நம்பு, நெகடிவை நம்பாதே என்று வார்டுகளில் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் மலையகத்தில் சில இடங்களில் அந்தச் சுருக்க விதியே தடுமாறும்.

அதற்கு முன் ஒரு விஷயம். டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு மட்டும்தான் நீடித்த பாதுகாப்பு. மற்ற மூன்றும் பிறகு வரலாம். இரண்டாம் தடவை வரும்போது, முதல் தடவை உடம்பு தயாரித்து வைத்த எதிர்ப்புப் புரதங்கள் ஓடிவந்து என்.எஸ்.1 ஐப் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டதைப் பட்டியால் அடையாளம் காண முடியாமல் போகலாம். ஆகவே இரண்டாம் தடவை டெங்குவில் நெகடிவ் வருவது அதிகம். கொடுமை என்னவென்றால், ஆளை ஆபத்தில் தள்ளுகிற இரத்தப்பெருக்கு டெங்கு கூடுதலாக வருவதும் இந்த இரண்டாம் தடவையில்தான். எந்த நோயாளியைத் தவறவிடக் கூடாதோ, அவரிடத்தில்தான் பட்டி கூடுதலாகத் தவறவிடுகிறது. நாலைந்து வருடம் கொழும்பில் இருந்த ஒரு பையனுக்கு ஏற்கெனவே ஒரு தடவை டெங்கு வந்துபோயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பலருக்கு அது லேசான காய்ச்சலாக வந்து தெரியாமலே போயிருக்கும்.

நாள் கணக்கும் இதில் முக்கியம், வீடுகளில் பெரும்பாலும் பிழை விடுவது இங்கேதான். ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் காய்ச்சல் தொடங்கினால், திங்கள் இரவு எட்டு மணிவரை முதல் நாள். செவ்வாய் காலை இரண்டாம் நாள். வீட்டில் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று விரலை மடக்கி மூன்றாம் நாள் என்பார்கள். இன்னொரு பக்கம், முதல் நாள் உடம்பு முறிவை பஸ்ஸில் வந்த அலுப்பு என்று நினைத்து இரண்டு பனடோலோடு விட்டிருப்பார்கள். அந்த நாள் கணக்கிலேயே வராது. அவசரப் பிரிவில் நாங்கள் "எத்தனை நாள்?" என்று கேட்பதில்லை. "எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முதலில் உடம்பு சுட்டது?" என்றுதான் கேட்போம். அந்தப் பதில் இல்லாமல் ரிப்போர்ட்டை வாசிக்கவே முடியாது.

பட்டியை வாசிப்பதிலும் சங்கதி இருக்கிறது. சி என்ற இடத்தில் ஒரு கோடு வந்தால் பட்டி வேலை செய்கிறது என்று பொருள். டி என்ற இடத்திலும் கோடு வந்தால் பொசிட்டிவ். அந்த இரண்டாவது கோடு சிலசமயம் தெளிவாக இராது. சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் லேசான ரோஸ் நிறத்தில் தெரியும். லேசாகத் தெரிந்தாலும் அது பொசிட்டிவ்தான். குறித்த நேரத்துக்குள், பெரும்பாலான பட்டிகளுக்கு 15 முதல் 20 நிமிடத்துக்குள், வாசிக்க வேண்டும். தேநீர் குடித்துவிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து வந்து பார்த்தால் இல்லாத கோடும் தோன்றும். ஃபிரிட்ஜில் வைத்திருந்த பட்டியை அறை வெப்பநிலைக்கு வரவிடாமல் பாவிக்கவும் கூடாது. நுவரெலியாவில் விடியற்காலை அறையே ஃபிரிட்ஜ் மாதிரித்தான் என்பதையும் லேபில் இருப்பவர் கவனிக்க வேண்டும்.

சரி, மலையகக் கணக்குக்கு வருவோம். டெங்குவைப் பரப்பும் நுளம்புக்குச் சூடு வேண்டும். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரம். அங்கே டெங்கு தாராளமாக உண்டு. ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். அங்கே உள்ளூரிலேயே டெங்கு தொற்றுவது குறைவு. ஆனால் எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் இருப்பது கொழும்பில். கடைகளில், ஹோட்டல்களில், வீட்டு வேலைகளில். நாட்டின் டெங்கு எண்ணிக்கையில் மேல் மாகாணம்தான் வழக்கமாக முன்னால் நிற்கும். 2017 இல் நாடு முழுக்க 186,101 பேர் என்று பதிவான அந்தப் பெரிய அலையிலும் அப்படித்தான். நுளம்பு கடித்ததிலிருந்து காய்ச்சல் வர 4 முதல் 10 நாள் ஆகும். தம்பிக்கு வீட்டுக்கு வந்த அடுத்த நாளே காய்ச்சல் என்றால் கடித்தது புறக்கோட்டையில். பொகவந்தலாவைக் குளிரைக் காட்டி "இங்கே ஏது டெங்கு" என்று சொல்ல முடியாது.

இப்போது விளங்குவதற்காக ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. பட்டி 100 டெங்குவில் 70 ஐப் பிடிக்கும், டெங்கு இல்லாத 100 பேரில் 97 பேரைச் சரியாகச் சொல்லும் என்று வைப்போம். டெங்கு பரவும் காலத்தில் கொழும்பிலிருந்து காய்ச்சலோடு வந்த 1,000 இளைஞர்கள், பாதிப்பேருக்கு டெங்கு. 500 பேரில் 350 பேருக்குப் பொசிட்டிவ், 150 பேர் தவறுவார்கள். டெங்கு இல்லாத 500 பேரில் 485 பேருக்கு நெகடிவ். ஆக நெகடிவ் சீட்டோடு நிற்பவர்கள் 635 பேர். அதில் 150 பேருக்கு டெங்கு இருக்கிறது. நாலில் ஒருவருக்குக் கிட்ட! அந்தச் சீட்டை நம்பி வீட்டுக்கு அனுப்ப எந்த டொக்டருக்கு மனம் வரும்?

அதே பட்டியை, தோட்டத்தை விட்டு ஒரு மாதமாக வெளியே போகாத, குளிர் உச்சியில் இருக்கிற 1,000 காய்ச்சல்காரரிடம் வைப்போம். அவர்களில் 20 பேருக்குத்தான் டெங்கு என்று கொள்வோம். 14 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேரில் 29 பேருக்குப் பொய்யாகப் பொசிட்டிவ் காட்டும். பொசிட்டிவ் 43 பேர், உண்மை 14 பேர். மூன்றில் இரண்டு பொசிட்டிவ் பொய். பட்டி மாறவில்லை, லேப் மாறவில்லை. ஆள் எங்கிருந்து வந்தார் என்பது மட்டும் மாறியது. அதனால்தான் அவசரப் பிரிவில் "கடைசி இரண்டு வாரம் எங்கே இருந்தீர்கள்?" என்ற கேள்வியை நான் பட்டியைவிடப் பெரிய டெஸ்ட் என்பேன். அதற்குக் காசும் இல்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொய்ப் பொசிட்டிவ் வந்தால் நட்டம் டெங்குவோடு முடியாது. எலிக்காய்ச்சல் இருக்கிறது, மத்திய மலைநாட்டில் உண்ணி கடித்து வரும் டைபஸ் வகைக் காய்ச்சல்கள் இருக்கின்றன. இவற்றுக்கு மருந்து உண்டு, நேரத்தோடு கொடுத்தால் சுகமாகும். "டெங்கு என்று வந்துவிட்டதே" என்று மற்றதைத் தேடாமல் விட்டால் அந்த நோயாளிக்கு அநியாயம். தேயிலை மலையில் கொழுந்து பறிப்பவருக்கு விடாத காய்ச்சல் என்றால், அக்குளிலோ இடுப்பிலோ கருகிய சிறு புண் இருக்கிறதா என்று உடுப்பை விலக்கிப் பார்க்காமல் விடவே கூடாது.

அப்படியென்றால் டொக்டர் எதைப் பார்த்து தம்பியை வார்டில் போட்டார்? அவசரப் பிரிவில் முதலில் தீர்மானிக்க வேண்டியது டெங்குவா இல்லையா என்பதல்ல. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கிவிட்டதா என்பதுதான் உயிர் போகிற கேள்வி. கசிவு வழக்கமாகக் காய்ச்சல் விடுகிற நேரத்தை ஒட்டி, மூன்றாம் நாளுக்குப் பிறகு வரும். 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். காய்ச்சல் குறைந்துவிட்டதே என்று வீட்டார் ஆறுதல்படுகிற நேரமும் அதுதான். விடாத வாந்தி, வயிற்றுவலி, கை கால் சில்லிடுதல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, ஆள் தளர்ந்து சாய்தல் ஆகிய எதுவும் இருந்தால் எந்த அன்டிஜன் ரிப்போர்ட்டும் தடையல்ல. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, சுவசரிய அம்புலன்சைக் கூப்பிட்டுக்கொண்டு வர வேண்டியதுதான்.

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்குக் கைகொடுப்பது எஃப்.பி.சி. என்ற, இரத்த அணுக்களை எண்ணும் சாதாரண இரத்தப் பரிசோதனை. ஒன்று போதாது, வரிசையாக வேண்டும். டெங்குவில் முதலில் வெள்ளை அணுக்கள் 5,000 க்குக் கீழே இறங்கும், பிறகு பிளேட்லெட் இறங்கும். பிளேட்லெட் 100,000 ஐக் கடந்து கீழே போகும்போது கசிவு தொடங்கும் கட்டம் நெருங்குகிறது. கசிவு தொடங்கினால் இரத்தம் தடிக்கும், பி.சி.வி. என்று எழுதியிருக்கும் எண் (இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை வீதம் என்பது) ஏறும். பழைய அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் கசிவு உறுதி. ஸ்கேன் வசதி இருந்தால் வலது நெஞ்சில் நீர் சேர்வதும் பித்தப்பைச் சுவர் தடிப்பதும் கண்ணுக்கே தெரியும்.

ஆனால் இந்த எண்களும் மலையகத்தில் சும்மா வாசிக்கக் கூடியவை அல்ல. தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். ஒரு பெண்ணின் பி.சி.வி. 36 என்று வந்தால் ரிப்போர்ட்டில் அது சாதாரணம் என்றே அச்சாகியிருக்கும். அவருடைய வழக்கமான அளவு 30 என்றால் 36 என்பது சரியாக ஐந்தில் ஒரு பங்கு ஏற்றம். கசிவு நடந்துகொண்டிருக்கிறது, தாளில் எல்லாம் நலம். அந்தப் பழைய அளவை எங்கே தேடுவது? வீட்டு அலுமாரியில் இருக்கும் கர்ப்பிணிக் கார்டில். அதில் ஹீமோகுளோபின் 10 என்று எழுதியிருந்தால், மூன்றால் பெருக்கினால் பி.சி.வி. ஏறக்குறைய 30. எத்தனையோ இரவு அந்தப் பழைய கார்டு எங்களுக்குப் பட்டியைவிட உதவியிருக்கிறது. சோகை உள்ளவர்களின் சிவப்பணுக்கள் சிறுத்திருப்பதால், சில மெஷின்கள் அவற்றைப் பிளேட்லெட் என்று எண்ணிக் கூட்டிக் காட்டவும் செய்யும். இதற்கு எதிர்மாறாக, குழாயில் எடுத்த இரத்தத்தில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மெஷின் குறைத்துக் காட்டும். சந்தேகமான எண்ணை லேபில் கண்ணாடித் தட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொல்வது இதனால்தான். தாமதம் என்று கோபிக்காதீர்கள்.

குளிரும் எங்களை ஏமாற்றும். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் இரத்தவோட்டம் குறைகிறது. ஜனவரி இரவில் நுவரெலியாவில் வாசலில் நிற்கிற காவல்காரரின் நகத்தை அழுத்தினாலும் திரும்ப நேரமெடுக்கும். அதனால் நோயாளியைப் போர்த்தி, கையைச் சூடாக்கி, நெஞ்சுத் தோலிலும் அழுத்திப் பார்ப்போம். பிரஷரிலும் மேல் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. 100 க்கு 80 என்றால் வீட்டார் "பிரஷர் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். இரண்டுக்கும் இடைவெளி 20 தான் என்பது எங்களுக்கு அபாய மணி.

மேல் லயத்து அக்கா விஷயம் இப்போது விளங்கும். அவருக்கு வந்தது உண்மையான டெங்குவாகவே இருக்கலாம். உயரத்தில் டெங்கு குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. காய்ச்சலின் ஆரம்ப நாட்கள், பிளேட்லெட் நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறார், சிறுநீர் போகிறது, ஆபத்து அறிகுறி ஒன்றும் இல்லை, கர்ப்பிணியும் இல்லை என்றால் வீட்டில் வைத்துப் பார்ப்பதில் பிழையில்லை. மூன்றாம் நாளிலிருந்து தினமும் எஃப்.பி.சி. எடுத்துக் காட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதைச் சொல்லியிருப்பார்கள், ஒரு தரம் அவரிடம் கேட்டுப் பாருங்கள். பெரியவர் ஒருவர் நாளைக்கு இரண்டரை லீற்றர் அளவு குடிக்க வேண்டும்: ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல்), கஞ்சி, பால், இளநீர், சூப். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. சிவப்பும் கபிலமுமான பானங்கள் வேண்டாம், வாந்தியில் இரத்தம் வந்தால் அடையாளம் தெரியாது. காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும். வலிக்கென்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், அஸ்பிரின் எதுவும் கூடாது. மலவாயில் வைக்கும் குளிசையும் அதில் அடக்கம். பப்பாசி இலைச்சாற்றைப் பற்றிக் கேட்பீர்கள். அதைக் குடித்து வாந்தி எடுத்து, எது நோயின் வாந்தி எது சாற்றின் வாந்தி என்று தெரியாமல் நிற்பவர்களைப் பார்த்து அலுத்துவிட்டேன்.

லேபில் அன்டிபொடி டெஸ்ட்டும், அதாவது உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் டெஸ்ட்டும், சேர்த்துச் செய்யச் சொன்னார்களே என்றும் தங்கை எழுதியிருக்கிறார். அதில் ஐ.ஜி.எம். என்ற வகை ஐந்தாம் நாளை ஒட்டித்தான் பெரும்பாலோருக்கு ஏறும். முதல் இரண்டு நாளில் அதற்குக் காசு கொடுப்பது வீண். ஏறினால் இரண்டு மூன்று மாதம் இருக்கும், ஆகவே போன மாதத்து டெங்குவையும் இன்றைய காய்ச்சலாகக் காட்டலாம். ஐ.ஜி.ஜி. என்ற மற்ற வகை மட்டும் பொசிட்டிவ் என்றால் பெரும்பாலும் பழைய கதை. எல்லாவற்றையும்விட நுட்பமானது வைரஸின் மரபுப் பொருளையே தேடும் பி.சி.ஆர்.; ஆனால் அதன் முடிவு வருவதற்குள் கசிவு நேரம் முடிந்துவிடும், அவசரப் பிரிவுக்கு அது உதவாது. கையில் காசு குறைவென்றால் அன்டிஜனை விட்டுவிட்டு இரண்டு எஃப்.பி.சி. எடுங்கள் என்பது என் கட்சி. எல்லா டொக்டரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் இரண்டு நாளில் வரும் பொசிட்டிவ் குடும்பத்தை உஷார்ப்படுத்தும் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் உண்டு. அன்டிஜனுக்கும் எஃப்.பி.சி.க்கும் தனியார் லேபுகள் வாங்கக்கூடிய உச்ச விலையை அரசாங்கம் வர்த்தமானியில் போட்டிருக்கிறது, கூடக் கேட்டால் கேள்வி கேளுங்கள்.

பொது சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்கு வந்து தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தாரே, கடித்தது கொழும்பில்தானே என்று கோபப்பட வேண்டாம். சந்தேகம் வந்தாலே டெஸ்டுக்குக் காத்திராமல் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். காய்ச்சலோடு வந்தவரை இங்குள்ள நுளம்பு கடித்தால் அடுத்த வீட்டுக்குப் போகும்.

கடைசியாக முதலாளி கேள்வி. தம்பி வேலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் "டெங்கு இல்லை" என்று ஒரு நெகடிவ் ரிப்போர்ட் கொண்டுவரச் சொல்கிறாராம். தேவையே இல்லை. டெங்கு ஆளிலிருந்து ஆளுக்கு மூச்சாலோ தொடுவதாலோ பரவாது. சுகமான பிறகு அன்டிஜன் எடுத்தால் எப்படியும் நெகடிவ்தான் வரும், அது ஒன்றையும் நிரூபிக்காது. அன்டிபொடி எடுத்தால் மாதக்கணக்கில் பொசிட்டிவ் காட்டி அவரைப் பயப்படுத்தும். வார்டில் கொடுத்த டயக்னோசிஸ் கார்டின் பிரதியைக் கொடுத்தால் போதும். உடம்பு அசதி இரண்டு மூன்று வாரம் இருக்கும், துணி பேல் தூக்குகிற வேலை என்றால் உடனே போக வேண்டாம். கிளினிக்குக்கு வரும் அன்று கேட்டால் அதற்கு மெடிக்கல் எழுதித் தருவார்கள்.